சூரியனில் ஐந்து புள்ளி

விருது சாருக்கு விருது கிடைத்துப் பதினொரு வருடம் ஆகிறது. ஆனால் நேற்று மாலை வாங்கி இன்று காலை வேலைக்கு வந்தவர் போலத்தான் அவர் நடப்பார். சிறந்த ஆசிரியர் விருது. மேடையில் அதை வாங்கும்போது எடுத்த படம் பள்ளியின் ஆசிரியர் அறையில் மாட்டியிருந்தது, கைப்பேசியின் முகப்பில் இருந்தது, வீட்டில் ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டியிருந்தது. தண்ணீர் எடுக்கப் போனால்கூட இவரிடம் அனுமதி வாங்கித்தான் திறக்க வேண்டியிருக்கிறது என்று அவர் மனைவி அடிக்கடி சொல்வாள்.

வானாய்வகத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் செய்முறைப் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்ததும் பட்டியலில் முதல் பெயராக அவருடைய பெயர் ஏறியது. யாரும் ஏற்றவில்லை, அவரே ஏற்றிக்கொண்டார். செய்முறைப் பயிற்சி என்பதை மற்றவர்கள் செய்வார்கள், தான் முறையை விளக்குவது என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். பயிற்சி முடிவில் ஒருவரைக் கருத்தாளராகத் தேர்ந்தெடுப்பார்கள் என்றும் சுற்றறிக்கையின் கடைசி வரியில் இருந்தது. கருத்தாளர் என்றால் பள்ளி பள்ளியாகப் போய் மற்ற ஆசிரியர்களுக்குப் பேசலாம். பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லாத ஒரு பதவி உலகத்தில் உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

வந்திருந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். முதல் நாள் முழுக்க உரைகள். ஒவ்வொரு உரை முடிந்ததும் விருது சார் எழுந்து கேள்வி கேட்டார். அவருடைய கேள்விகளின் முடிவில் கேள்விக்குறி இருக்காது, கைத்தட்டலுக்கு ஓர் இடைவெளி இருக்கும். அன்று மாலையே அவரைக் குழுத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். அப்படியாவது வருகைப்பதிவு வேலையில் கொஞ்ச நேரம் வாயை மூடியிருப்பார் என்ற நப்பாசைதான் காரணம்.

இரண்டாம் நாள் காலை சூரிய அறை.

அங்கே பாடம் எடுக்க வந்த ஆளைப் பார்த்ததும் விருது சாருக்கு முகம் சுருங்கியது. கான்வாஸ் ஷூ, காதில் செருகிய பென்சில், சட்டைப் பையில் நூலில் கட்டிய அழிப்பான். விஞ்ஞானி இல்லை, முனைவரும் இல்லை. வரைகாரர். வானம் தெளிவாக இருக்கும் ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்குத் தொலைநோக்கி வழியாகச் சூரியனின் படத்தைக் குழாயோடு பொருத்திய ஒரு வெள்ளை அட்டையில் விழவைத்து, அதிலுள்ள கரும்புள்ளிகளைத் தாளில் வரைந்து, எண்ணிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. இருபத்து நான்கு வருடமாக அதைத்தான் செய்கிறார். அவருக்கு முன்னால் வேறொருவர் செய்தார், அவருக்கு முன்னால் இன்னொருவர். அந்தத் தாள்களை வருடவாரியாகத் தைத்து ஒரு சுவர் முழுக்க அடுக்கியிருந்தார்கள். அன்றைய தாள் மட்டும் நடைவழியில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும்.

இந்த மனிதரின் வேலை ஆட்டம் கண்டிருக்கும் விஷயம் முதல் நாளே தேநீர் கொண்டுவந்தவர் மூலம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வட்டம் போட எதற்குத் தனியாக ஓர் ஆள் என்று புது இயக்குநர் நினைக்கிறாராம். அவர் வானத்தைப் பார்த்து வந்தவர் இல்லை, நிர்வாகத்தைப் பார்த்து வந்தவர். வரைகாரரை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டு, சுவரில் இருக்கும் தாள்களையும் கட்டிப் போட்டுவிடலாம் என்று காத்திருக்கிறாராம். இருபத்து நான்கு வருடத்தில் ஒரு தாளில்கூடத் தப்பு கிடைக்காததால்தான் இன்னும் காத்திருக்கிறாராம்.

வரைகாரர் சுருக்கமாகப் பேசினார். சூரியனை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது, அட்டையில் விழும் படத்தைத்தான் பார்க்க வேண்டும். குழாயின் கீழ்முனையில் இருக்கும் சின்ன லென்ஸைச் செருகி எடுக்கலாம், ஆனால் யாரும் எடுக்க வேண்டாம். மோட்டார் ஓடிக்கொண்டிருப்பதால் சூரியன் நகர நகரக் குழாயும் கூடவே நகரும், படம் அட்டையை விட்டுப் போகாது. இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"எண்ணுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. முதல்ல இந்தக் குழாயை—"

விருது சார் எழுந்துவிட்டார்.

"மன்னிக்கணும். ஆசிரியர்களுக்கு ஆசிரியர் பாஷையில சொன்னாத்தான் ஏறும். நான் சொல்றேனே. நீங்க சித்த உக்காருங்க, காலையிலேர்ந்து நிக்கிறீங்க."

உட்காரச் சொன்னது மரியாதை போல இருந்ததால் வரைகாரர் உட்கார்ந்தார். அடுத்த முப்பத்தைந்து நிமிடம் எழுந்திருக்க வழியில்லை. கரும்புள்ளி எப்படி உண்டாகிறது, ஏன் கறுப்பாகத் தெரிகிறது, காந்தப்புலம் எங்கே முறுக்கிக்கொள்கிறது என்று விருது சார் விளக்கினார். கரும்புள்ளிகள் சுமார் பதினொரு வருடத்துக்கு ஒருமுறை பெருகிப் பின் குறைந்துவிடும் என்றார். பதினொரு வருடமாகியும் குறையாத ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு பின்வரிசைக்காரர்கள் அதைக் கேட்டார்கள்.

பிறகு அவரே முதலில் போய் அட்டைக்கு முன்னால் நின்றார். அட்டையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சூரியன். நடுவில் ஐந்து புள்ளிகள், இரண்டு பெரிது, மூன்று சிறிது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, குனிந்து, தாளில் வட்டத்துக்குள் ஐந்தையும் வரைந்து, எண்ணிக்கை ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து வட்டத்தைவிடப் பெரிதாக வந்தது. போடும்போது கட்டைவிரல் பட்டு வட்டத்தின் அடியில் ஒரு பென்சில் கறையும் விழுந்தது.

மற்றவர்கள் வரிசையில் வந்தார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம். பத்து விநாடி சூரியனைப் பார்த்தார்கள், ஐம்பது விநாடி விருது சாரின் தாளைப் பார்த்தார்கள். வருடம் முழுக்கக் காப்பி அடிப்பவர்களைப் பிடிக்கிறவர்களுக்கு அந்த வேலையின் நுணுக்கம் தெரியாமல் போகுமா? நான்கு பேர் அந்தப் பென்சில் கறையையும் விடாமல் வரைந்துகொண்டார்கள்.

வரிசையின் கடைசியில் குட்டி டீச்சர் நின்றாள். ஆள் சிறியவள், பள்ளியும் சிறியது, ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியை. அவளுக்கு முன்னால் நின்றவர் திரும்பும்போது அவருடைய தோள்பை குழாயில் இடித்தது. அட்டையில் சூரியன் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அவள் வெகுநேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வரைந்து கொடுத்தாள்.

தாள்களை வாங்கி அடுக்கியது விருது சார். கடைசித் தாளில் ஒரு வெறும் வட்டம் இருந்தது. எண்ணிக்கை பூஜ்யம். கீழே சின்ன எழுத்தில், புள்ளிகள் ஆடவில்லை, சூரியன் மட்டும் ஆடியது, அதனால் எண்ணவில்லை என்று எழுதியிருந்தது.

"என்னம்மா இது? வட்டம் போடவா இவ்வளவு தூரம் வந்தே?"

"சார், பை இடிச்சப்போ சூரியன் ஆடுச்சு. புள்ளி அஞ்சும் ஆடவே இல்ல சார்."

"உன் கண்ணு ஆடியிருக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். அவர் குரலைத் தணித்து, தகப்பன் மாதிரி ஆகிவிட்டார்.

"வெறும் தாளுக்கு நீ மார்க் போடுவியா? சொல்லு. எல்லாரும் அஞ்சு போட்டிருக்காங்க. இவ்வளவு பேரோட கண்ணும் கெட்டுப்போச்சா? அழிச்சுட்டுப் போடும்மா."

வெறும் தாளுக்கு அவள் ஒருநாளும் மார்க் போட்டதில்லை. அழித்தாள். ஐந்து புள்ளி வைத்தாள். இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று சொல்லி அவர் தாளை வாங்கிக்கொண்டார்.

ஒரு சின்ன விஷயம் பாக்கி இருக்கிறது, இரண்டு நிமிடம்தான் என்று வரைகாரர் எழுந்து வந்தார். முதலில் குழுப்படம் எடுத்துவிடலாம் என்றார் விருது சார். குழுப்படத்தில் யார் எங்கே நிற்பது என்று முடிவாவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. வரைகாரர் தொலைநோக்கியின் முன்முனைக்கு மூடி போட்டார். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் இங்கேயே வரவேண்டும், அந்த இரண்டு நிமிடத்தை முடித்துவிடலாம் என்றார். அதற்குள் பாதிப் பேர் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிடும்போது விருது சாருக்கு மனைவி தொலைபேசினாள். சூரியனில் ஐந்து புள்ளி கண்டுபிடித்ததையும், முப்பத்தொரு பேர் தன்னைப் பின்பற்றியதையும், கருத்தாளர் விஷயம் கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான் என்பதையும் அவர் சொன்னார்.

"அவ்வளவு தூரத்துல இருக்கிறது தெரியுது. வீட்டுல மோட்டார் ஸ்விட்ச் எங்க இருக்குன்னு இன்னும் தெரியலையே உங்களுக்கு" என்றாள் அவள். அப்புறம், கண்ணாடியைத் தொலைக்காமல் வாருங்கள், போன தடவை போலத் தடவிக்கொண்டு வந்து நிற்காதீர்கள் என்றாள்.

அப்போதுதான் அவர் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடி சூரிய அறையில்.

அறையில் யாரும் இல்லை. மோட்டார் மட்டும் மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி மேசையில் வைத்தது வைத்தபடி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அப்படியே போயிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. ஆனால் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவுக்கு, தானும் தன் ஐந்து புள்ளிகளும் இருக்கும் ஒரு படம் அனுப்பினால் நன்றாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. மூடியைக் கழற்றினார். சூரியன் அட்டையில் வந்து விழுந்தது, நடுவில் ஐந்து பேரும் ஆஜர். கண்ணாடியைத் தொலைநோக்கியின் மேடை மேல் வைத்துவிட்டு, கைப்பேசியை நீட்டிப் பிடித்து, முகம், அட்டை, புள்ளிகள் மூன்றும் அடங்க இன்னும் ஓர் அடி பின்னால் வந்தார். திரும்பும்போது தொப்பை குழாயில் இடித்தது.

சூரியன் நகர்ந்தது.

நாலு விரல் அளவுக்குப் பக்கவாட்டில் நகர்ந்து நின்றது. புள்ளிகள் நகரவில்லை. காலையில் சூரியனின் நடுவில் இருந்தவை இப்போது அதன் ஓரத்தில் இருந்தன. அவர் விரலால் குழாயை மெல்லத் தள்ளினார். சூரியன் திரும்பி வந்தது. இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் போனது. பேருந்து வருகிறது, போகிறது, நிறுத்தத்தில் ஐந்து பேர் அப்படியே நிற்கிறார்கள். அவர்கள் ஏறப்போவதில்லை. அவர்கள் பயணிகளே இல்லை. லென்ஸில் இருக்கும் தூசி.

எண்ணுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, முதலில் இந்தக் குழாயை— மீதி வாக்கியம் என்னவாக இருந்திருக்கும் என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. தட்டிப் பாருங்கள். அவ்வளவுதான். அதைச் சொல்ல அந்த மனிதருக்கு ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சைத்தான் தான் முப்பத்தைந்து நிமிடத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டோம் என்று புரிந்தது.

அரை நிமிடம் விருது சார் நல்ல மனிதராக இருந்தார். போய்ச் சொல்லிவிடலாம், எல்லோரும் தாளைத் திருத்திக்கொள்ளட்டும் என்று வாசல்வரை நடந்தார். நடக்கும்போது உன் கண்ணு ஆடியிருக்கும் என்ற தன் குரலே காதில் கேட்டது. அதற்குப் பின் வந்த சிரிப்பும் கேட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் இங்கே வருவார்கள். வரைகாரர் ஒரு தட்டு தட்டுவார். அதே சிரிப்பு மறுபடி வரும், இந்த முறை வேறு திசையில்.

அவர் திரும்பி வந்தார். லென்ஸை உருவினார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அழுத்தித் துடைத்தார். துணிக்கடியில் ஏதோ மிக மெல்லிசாகக் கிறீச்சிட்டது. லென்ஸைச் செருகி அட்டையைப் பார்த்தார். துடைத்துவைத்த மாதிரி வெறும் சூரியன். ஒரு ஓரமாக முடி போல ஏதோ ஒரு கோடு தெரிந்தது. முடியாகத்தான் இருக்கும். இனி யார் தட்டினாலும் கவலை இல்லை, ஆட மறுப்பதற்கு ஆளே இல்லை. மூடியைப் போட்டுவிட்டு, எதற்காக வந்தாரோ அதை மேடை மேலேயே விட்டுவிட்டு, வேகமாக வெளியே போனார்.

பிற்பகல் வகுப்பு சூரிய அறையில் தொடங்கவில்லை. இயக்குநர் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டதால் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார்கள். முப்பத்திரண்டு தாள்களையும் பலகையில் குத்தியிருந்தார்கள். இயக்குநர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அணிவகுப்பைப் பார்வையிடுகிறவர் போல ஒருமுறை நடந்தார். முப்பத்திரண்டு பேர், ஒரே முடிவு, இதற்குப் பெயர்தான் விஞ்ஞானம் என்றார். விருது சாரின் தாளில் இருப்பது போலவே இன்னும் நான்கு தாள்களில் மட்டும் வட்டத்தின் அடியில் மங்கலாக ஆறாவது ஒன்று இருப்பதைக் கண்டு, அந்த நான்கு பேரையும் எழுந்து நிற்கவைத்து அவர்களுடைய கூடுதல் உற்றுநோக்கலைப் பாராட்டினார். விருது சாரின் கட்டைவிரலுக்குக் கிடைத்த முதல் கைத்தட்டல் அது. மேலிடத்துக்கு மதியமே அறிக்கை அனுப்பிவிட்டதாகவும், தலைமை தாங்கிய ஆசிரியரையே கருத்தாளராகப் பரிந்துரைத்திருப்பதாகவும் சொன்னார். விருது சார் எழுந்து கும்பிட்டார்.

கூடத்தை விட்டு வெளியே வரும்போது இயக்குநர் நடைவழியில் நின்றார். கண்ணாடிச் சட்டத்துக்குள் அன்றைய தாள் இருந்தது. வெறும் வட்டம். எண்ணிக்கை பூஜ்யம். வரைகாரரின் கையெழுத்து.

"ஏம்ப்பா, இன்னைக்கு நீ சூரியனைப் பார்த்தியா, இல்ல போன வருஷத்துத் தாளை மாட்டிட்டியா?"

"பார்த்தேன் சார். ஒண்ணும் இல்ல."

"இவங்க முப்பத்திரண்டு பேரும் அஞ்சு பார்த்திருக்காங்களே."

"தூசி சார்" என்றார் வரைகாரர். அதைத் தாழ்வாக, யாரையும் பார்க்காமல் சொன்னார். "பயிற்சிக்குன்னே ஒரு பழைய லென்ஸைத் துடைக்காம வச்சிருப்பேன். என் தாளுக்கு வேற லென்ஸ். எல்லா பேட்ச்சும் முதல்ல தூசியைத்தான் எண்ணும் சார். ஒரு தட்டு தட்டினா சூரியன் நகரும், தூசி நகராது. அதுதான் பாடமே. வாங்க, காட்டுறேன்."

எல்லோரும் சூரிய அறைக்குப் போனார்கள். விருது சார் கடைசியாக நடந்தார். பதினொரு வருடத்தில் அவர் ஒரு வரிசையின் கடைசியில் நடந்தது அன்றுதான்.

வரைகாரர் மூடியைக் கழற்றினார். குழாயைத் தட்ட விரலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அட்டையில் ஒன்றும் இல்லை.

தூசி எங்கே என்று இயக்குநர் கேட்டார். வரைகாரர் குனிந்தார். சூரியனின் ஓரமாக அந்த முடி போன்ற கோட்டை வெகு அருகில் பார்த்தார். லென்ஸை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பிறகு அவர் கண் மேடை மேல் போனது. அங்கே ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. அதை எடுத்துத் தன் சட்டை நுனியில் பட்டும் படாமலும் துடைத்து, கூட்டத்துக்கு நடுவில் நடந்து வந்து நீட்டினார்.

"சார், உங்க கண்ணாடி."

விருது சார் வாங்கிப் போட்டுக்கொண்டார். போட்ட பிறகு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, அதுதான் தொல்லை. தனக்கு ஓர் அடி தூரத்தில் இருந்த அந்த முகத்தில் கோபமோ ஏளனமோ இருக்கிறதா என்று தேடினார். இரண்டும் இல்லை. பள்ளியில் கால்சட்டையை நனைத்துவிட்ட பிள்ளையை, மற்றவர்கள் பார்ப்பதற்குள் ஓரமாக அழைத்துப் போகும்போது ஆசிரியர்களுக்கு வருமே, அந்த முகம்.

வரைகாரர் இயக்குநர் பக்கம் திரும்பினார். "நானே துடைச்சிருப்பேன் போலிருக்கு சார். மறதி."

இயக்குநருக்கு இருபத்து நான்கு வருடமாகக் கிடைக்காதது கிடைத்துவிட்டது. ஆக, காலையில் புள்ளிகள் இருந்திருக்கின்றன, ஆசிரியர்கள் பார்த்திருக்கிறார்கள், பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை, இப்போது மறைந்துவிட்டன என்று அவர் தொகுத்தார். மூன்று மணி நேரத்தில் ஐந்தும் மறையுமா என்று பின்னால் யாரோ முனகினார்கள். சூரியன் என்ன அரசாங்க ஊழியரா, ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க என்றார் இயக்குநர். ஒரே தேதிக்கு இரண்டு எண் இருக்க முடியாது, அறிக்கையில் போனது ஐந்து, அதனால் சட்டத்தில் இருப்பதும் ஐந்தாக வேண்டும்.

"திருத்திக் கையெழுத்துப் போட்டுரு. இல்லேன்னா திங்கட்கிழமையிலேர்ந்து ஸ்டோர்."

வரைகாரர் யோசித்ததாகத் தெரியவில்லை. காதில் இருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். நூலை அவிழ்த்து அழிப்பானையும் பக்கத்தில் வைத்தார்.

"ஸ்டோருக்குப் போறேன் சார். தாளைத் திருத்த மாட்டேன்."

அப்போது குட்டி டீச்சர், பலகையிலிருந்து தன் தாளைக் கழற்றிக் கையிலேயே வைத்திருந்தவள், முன்னால் வந்தாள். அதை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கும்படி இயக்குநரிடம் சொன்னாள். அழித்த இடத்தில் பென்சில் அழுத்திய தடம் அப்படியே இருந்தது. இயக்குநர் எழுத்துக்கூட்டிப் படித்தார். புள்ளிகள் ஆடவில்லை, சூரியன் மட்டும் ஆடியது, அதனால் எண்ணவில்லை. யார் அழிக்கச் சொன்னது என்று கேட்டார்.

அவள் விருது சார் இருந்த பக்கமே திரும்பவில்லை.

"யாரும் சொல்லலை சார். வெறும் தாளுக்கு மார்க் வராதுன்னு நானா நினைச்சுக்கிட்டேன்."

விருது சாரின் காது இரண்டும் கொதித்தன. அவரை யாராவது குற்றம் சாட்டியிருந்தால் பிழைத்துக்கொண்டிருப்பார். குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வதில் அவருக்கு முப்பது வருடப் பழக்கம். இங்கே இரண்டு பேர், ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமும், கேட்காமலேயே அவரைத் தூக்கித் தங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார்கள். ஒருவருக்கு வேலை போகிறது, இன்னொருத்திக்குப் புத்தி இல்லை என்று பெயர் வருகிறது. தனக்குக் கருத்தாளர் பதவி வருகிறது.

அவர் தொண்டையைச் செருமினார். எல்லோரும் திரும்பினார்கள்.

"பெருமதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களே" என்று ஆரம்பித்தார். எழுந்து வாயைத் திறந்தால் அவருக்கு அதுதான் வரும், வேறு ஆரம்பம் தெரியாது. அதற்கு அடுத்த வாக்கியம் பழகின இடத்தில் இல்லை. தேடினார். கிடைக்கவில்லை.

"நான்தான் துடைச்சேன்" என்றார்.

முப்பது வருடம் கடைசி பெஞ்சுவரை எட்டிய குரல் அது, அன்று இரண்டடி தாண்டவில்லை. இயக்குநர் காதைச் சாய்த்து, என்ன சொன்னீங்க என்றார். மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. முதல் முறை தானாக வந்துவிட்டது, இரண்டாம் முறை அவரே எடுத்துத் தரவேண்டியிருந்தது.

"நான்தான் லென்ஸைத் துடைச்சேன். சாப்பாட்டு நேரத்துல. தூசின்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் துடைச்சேன்." கைக்குட்டையை எடுத்து மேசையில் பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு சாம்பல் தீற்றல். "தட்டிப் பாருங்கன்னு காலையிலேயே அவர் சொல்ல வந்தாரு. நான் பேசவிடலை. இந்தப் பொண்ணு சரியாத்தான் போட்டுது. மார்க் வராதுன்னு சொன்னது நான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாராட்டு வாங்கிய நான்கு பேரும் தங்கள் செருப்புகளை ஆழ்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

உண்மை தெரிந்ததில் இயக்குநருக்குத்தான் அதிகக் கஷ்டம். அனுப்பிய அறிக்கையைத் திரும்ப வாங்குவதைவிடச் சூரியனில் ஐந்து புள்ளி வைப்பது அவருக்குச் சுலபமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தார், இப்போதாவது ஒன்றிரண்டு வராதா என்பது போல. வரவில்லை. தாள்களையெல்லாம் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள், குழுப்படம் போதும், அறிக்கைக்கு ஒரு திருத்தம் அனுப்பிக்கொள்ளலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார். ஸ்டோரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கருத்தாளரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. வரைகாரர் பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

அன்று மாலை விருது சார் அவரைத் தேடிப் போனார். புது லென்ஸ் வாங்கித் தருவதாகச் சொன்னார். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த நீண்ட வாக்கியம் ஒன்றும் அவரிடம் இருந்தது. அதற்கு இடமே கிடைக்கவில்லை.

"கைக்குட்டையால துடைக்கக் கூடாது சார்" என்றார் வரைகாரர். "தூசின்னா மணல். அழுத்தினா கீறும். கீறிருச்சு." பிறகு, "லென்ஸ் வேணாம். காலையில ஏழு மணிக்கு வாங்க. உங்க தாள் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார்.

இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேலி செய்வாள் என்று காத்திருந்தார், அதற்குத் தயாராகக்கூட இருந்தார். அவள், சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ஏழு மணிக்குச் சூரிய அறையில் வரைகாரரும் குட்டி டீச்சரும் இருந்தார்கள். அவள் தன் தாளைத் திரும்ப வரைய வந்திருந்தாள், வரைந்து முடித்தும்விட்டாள். விருது சார் அட்டைக்கு முன்னால் நின்றார். பழைய லென்ஸைத்தான் வரைகாரர் செருகியிருந்தார். சூரியனில் புள்ளி ஒன்றும் இல்லை. ஓரமாக ஒரு மெல்லிய கோடு மட்டும் இருந்தது. அவர் பென்சிலை எடுத்தார்.

"எண்ணுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு சார்" என்றார் வரைகாரர்.

விருது சார் பென்சிலை வைத்துவிட்டு, குழாயை ஒரு விரலால் தட்டினார். சூரியன் நகர்ந்தது. கோடு நகரவில்லை. அது அவர் போட்டது, அங்கேயே இருந்தது. இனி வரும் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அது அங்கேயேதான் இருக்கும். இது சூரியனில் இல்லை என்று வரைகாரர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார், யாருடையது என்று சொல்லமாட்டார்.

விருது சார் தாளில் எண்ணிக்கை என்ற இடத்தில் பூஜ்யம் போட்டார். கீழே கையெழுத்து. முடிந்தவரை சிறியதாகப் போட்டார்.